அரை மாத்திரை டிகாக்சின்: அம்மாவுக்கு நான்கு வருடம் கொடுத்துப் பார்த்ததில்

அம்மாவுக்கு நான் தினமும் எடுத்து வைக்கிற ஏழு மாத்திரைகளில் மிகச் சின்னது டிகாக்சின் என்கிற இதய மருந்து. வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு போட்டு, சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. ஒரு மாத்திரையில் இருப்பது 0.25 மில்லிகிராம் மருந்து. அம்மாவுக்கு அதிலும் பாதிதான். பத்து மாத்திரை உள்ள ஒரு பட்டையின் விலை ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகிற காசு. ஏழில் விலை குறைந்ததும் இதுதான், நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொடுப்பதும் இதைத்தான்.

இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்ததும் பயந்துபோய் என்னிடம் வந்து கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். இதற்கு நேர்மாறாக, "செடியில் இருந்து எடுத்த மருந்துதானே, ஒன்றும் செய்யாது" என்று அலட்சியமாக இருந்த ஒரு உறவினரும் உண்டு. அவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. வத்தலக்குண்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிற ஆசிரியை.

2021 நவம்பரில் அம்மாவுக்கு வயது 71. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்த வாக்கில்தான் தூக்கம். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். "நெஞ்சுக்குள்ள கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கு பாப்பா" என்றார். மதுரைக்குக் கூட்டிப் போனோம். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்ததில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு, 28 சதவீதம்தான். இதய பலவீனம். ஈசிஜியில் துடிப்பு 130க்கு மேல், அதுவும் தாளம் கெட்ட துடிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், கீழறைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் கண்டபடி ஓடும்.

நீர் மாத்திரை, துடிப்பையும் பிரஷரையும் குறைக்கிற பீட்டா பிளாக்கர், ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று என்று ஆரம்பித்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் துடிப்பு 110க்குக் கீழே இறங்கவில்லை. பீட்டா பிளாக்கரைக் கூட்டலாம் என்றால் அம்மாவின் பிரஷர் 90க்கு 60தான், எழுந்து நின்றாலே தலை சுற்றியது. அப்போதுதான் டாக்டர் சொன்னார்: "பிரஷரைக் குறைக்காம துடிப்பை மட்டும் குறைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு டீச்சர். ரொம்பப் பழசு. ஆனா நான் சொல்ற அளவுக்கு மேல ஒரு துண்டு போகக்கூடாது."

சீட்டில் டிகாக்சின் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டிஜிட்டாலிஸ்! பொருளாதாரத் தாவரவியல் பாடத்தில், மருந்துச் செடிகள் பட்டியலில், சர்ப்பகந்திக்கும் சிங்கோனாவுக்கும் பக்கத்தில் வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதுகிற பெயர். பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனபோது ஒரு வீட்டு முற்றத்தில் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு தண்டு, அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும் ஊதாப் பூக்கள், ஒவ்வொன்றும் விரல் நுழைகிற அளவுக்குக் குழல், உள்ளே கரும்புள்ளிகள். லத்தீனில் விரல் என்ற சொல்லில் இருந்துதான் அந்தப் பெயரே வந்தது. நாம் வாங்குகிற மாத்திரை அந்த ஊதாப்பூச் செடியின் பங்காளியில் இருந்து வருகிறது: டிஜிட்டாலிஸ் லனாட்டா, பூவில் கம்பளி மாதிரி ரோமம் உள்ள இனம். அதன் இலையில் இருந்து டிகாக்சினைத் தனியே பிரித்தவர் இங்கிலாந்தில் பரோஸ் வெல்கம் மருந்து கம்பெனியில் வேலை பார்த்த சிட்னி ஸ்மித், 1930இல். இன்றைக்கும் இந்த மருந்தை ஆலையில் முதலில் இருந்து கட்டி எழுப்புவதில்லை. வயலில் செடி வளர்த்து, இலையைக் காயவைத்து, அதிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

சரி, பலன் என்ன? பத்தாவது நாள் நாடி பிடித்துப் பார்த்தபோது 92. மூன்றாவது வாரம் 80க்குப் பக்கம். கோழி சிறகடிக்கிறது என்கிற பேச்சு நின்றது. தை மாதம் அம்மா மாடிப்படி ஏறி வடாம் பிழிந்த துணியை விரித்துவிட்டு வந்தார், நடுவில் ஒரே ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. எல்லாப் பெருமையையும் இந்த ஒரு மாத்திரைக்குக் கொடுக்க மாட்டேன், மற்ற ஆறும் சேர்ந்துதான் வேலை செய்தன. ஆனால் துடிப்பை அடக்கியது இதுதான். அதுவும் பிரஷரைத் தொடாமல்.

எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் புரியும். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்புகள் இருக்கின்றன. டிகாக்சின் அவற்றில் கொஞ்சத்தை மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே சோடியம் தேங்குகிறது. சோடியம் தேங்கினால் கால்சியம் வெளியே போவது மட்டுப்படும். மிஞ்சிய கால்சியத்தால் தசை முன்னைவிடப் பலமாகச் சுருங்குகிறது. கூடவே மூளையில் இருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டி, மேலறையில் இருந்து கீழறைக்குப் போகும் மின்சாரச் சேதியைத் தாமதப்படுத்துகிறது, அதனால்தான் துடிப்பு குறைகிறது. இப்போது முக்கியமான இடம்: அந்தப் பம்பில் டிகாக்சின் உட்காருகிற இடத்துக்குப் பொட்டாசியம் போட்டி போடும். உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் போட்டிக்கு ஆள் இல்லை, அதே அரை மாத்திரை ஒரு மாத்திரை மாதிரி வேலை செய்யும். இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற நீர் மாத்திரையோ மூத்திரத்தோடு பொட்டாசியத்தையும் வெளியே அனுப்புவது. இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்துக்கொண்டுதான் நாம் குடும்பம் நடத்துகிறோம்.

இந்தப் பொருளில் எனக்குள்ள முதல் குறை, உடைக்கிற வேலை. எங்கள் ஊர்க் கடைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் 0.25 மட்டும்தான். பாதி வேண்டும் என்றால் நாமேதான் உடைக்க வேண்டும். கோட்டில் இரண்டு கட்டை விரலையும் வைத்து அமுக்கினால் சில நாள் நேர்பாதியாக உடையும், சில நாள் ஒரு பக்கம் முக்கால், ஒரு பக்கம் கால், நடுவில் கொஞ்சம் மாவு. மற்ற மாத்திரை என்றால் போனால் போகட்டும் என்று விடலாம், இதில் அப்படி விட முடியாது. மாத்திரை வெட்டுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன், உள்ளே பிளேடு இருக்கும். மாத்திரையை அதன் மூலையில் ஒட்டி வைத்து, ஒரே அழுத்தாக மூட வேண்டும். தயங்கித் தயங்கி அமுக்கினால் நொறுங்கிவிடும். நொறுங்கியதைக் கொடுப்பதில்லை, தூக்கிப் போட்டுவிடுகிறேன். இந்த விலைக்கு அது ஒரு நஷ்டமே இல்லை. பாதி அளவிலேயே மாத்திரை எல்லாச் சிற்றூர்க் கடையிலும் கிடைத்தால் எத்தனை முதியவர்களுக்கு உபகாரமாக இருக்கும்!

இரண்டாவது, கம்பெனி மாறுவது. கடைக்காரர் ஒரு மாதம் ஒன்று கொடுப்பார், மறு மாதம் "அது வரலைங்க டீச்சர், இதுவும் அதேதான்" என்று வேறு ஒன்றை நீட்டுவார். முடிந்தவரை ஒரே கம்பெனியில் வாங்குங்கள், மாற்றினால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பது எங்கள் டாக்டர் சொன்னது. நான் இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்போது 2023இல் நடந்ததைச் சொல்கிறேன்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். அம்மாவுக்கு இருமலும் சளியும். அன்றைக்கு மதுரைக்குப் போக முடியாமல் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் பட்டியலை எடுத்துப் போகவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். அது குடலிலும் சிறுநீரகத்திலும் டிகாக்சினை வெளியே தள்ளுகிற கதவை அடைத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெயிலில் அம்மா தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை, சிறுநீரகம் ஏற்கெனவே மந்தம். டிகாக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கே உடம்பில் உள்ளது பாதியாகக் குறைய ஒன்றரை நாளில் இருந்து இரண்டு நாள் ஆகும்.

நாலாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றார். வெயில் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் குமட்டல். இருமல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஆறாம் நாள் காலை இட்லித் தட்டை முன்னால் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இட்லியில மஞ்சப்பொடி போட்டியா பாப்பா?"

வெள்ளை வெளேர் என்று இருந்தது இட்லி. நான் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 42.

அன்றைக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ரத்தத்தில் டிகாக்சின் அளவு மில்லிலிட்டருக்கு 2.8 நானோகிராம். இதய பலவீனத்துக்கு இருக்க வேண்டியது 0.5இல் இருந்து 0.9க்குள். பொட்டாசியம் 3.1, குறைவு. டிகாக்சினையும் அந்த ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, நான்கு நாள் மானிட்டரில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஜன்னல் திரையைப் பார்த்து "இது வெள்ளைதானே?" என்றார் அம்மா. வெள்ளைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்ததில்தான் வில்லியம் விதரிங் என்பவரைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன். பர்மிங்காமில் டாக்டர், செடிகளை வகைப்படுத்தி எழுதிய தாவரவியலாளரும்கூட. 1775இல், ஷ்ராப்ஷயரில் ஒரு வயதான பெண்மணி உடம்பில் நீர் கோத்து வீங்குவதற்குக் கொடுத்துவந்த கைமருந்து அவரிடம் வந்தது. இருபது மூலிகைக்கு மேல் கலந்த கலவை. அதில் வேலை செய்வது இந்த ஒரு செடிதான் என்று பிரித்துச் சொன்னார். அடுத்த பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, குணமானவர்கள், ஆகாதவர்கள் எல்லோரையும் குறித்து வைத்து 1785இல் புத்தகமாகப் போட்டார். வேரை விட்டார், கஷாயத்தைக் குறைத்தார், பூக்கும் பருவத்தில் பறித்துக் காயவைத்த இலைப்பொடிக்கு வந்தார். காரணம், செடியில் மருந்தின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறும், அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்றும் அப்போதே எழுதியிருக்கிறார்: குமட்டல், வாந்தி, பார்வைக் குழப்பம், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிவது, நாடி 35 வரை இறங்குவது. வத்தலக்குண்டில் என் அம்மா தட்டில் கண்ட மஞ்சளை அவர் இருநூற்று முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே நாடி பார்த்திருப்பேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு மறுபடி டிகாக்சின் ஆரம்பித்தார்கள். நிறுத்திப் பார்த்த மூன்று வாரத்தில் துடிப்பு திரும்பவும் 120ஐத் தொட்டதால் வேறு வழி இல்லை. இந்தத் தடவை அரை மாத்திரை, வாரம் 5 நாள், சனி ஞாயிறு கிடையாது. நம் ஊரில் பல டாக்டர்கள் இப்படி வாரம் 5 நாள் எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டில் காலண்டரில் சனி, ஞாயிறு கட்டங்களில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் தம்பி மனைவி கொடுத்தாலும் தவறாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துக் கொடுப்பதில்லை, விட்டது விட்டதுதான்.

காலை ஆறரைக்கு, காபிக்கு முன்னால், அடுப்படிக் கடிகாரத்துக்கு நேராக அம்மாவை உட்கார வைத்து எண்ணுவேன். கட்டை விரலால் பிடிக்கக்கூடாது, அதில் நம் நாடியே துடிக்கும். மூன்று விரல், மணிக்கட்டில் அம்மாவின் கட்டை விரல் இருக்கிற பக்கம், வளையலை மேலே ஏற்றிவிட்டு. தாளம் கெட்ட துடிப்பு என்பதால் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகப் போகும், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60க்குக் கீழே வந்தால் அன்றைக்கு மாத்திரை இல்லை, டாக்டருக்கு போன். இது எங்களுக்கு அவர் போட்டுக் கொடுத்த எல்லை, உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழித்துத்தான் டிகாக்சின் அளவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போனதும் முதலில் ரத்தத்தில் ஏறி, அப்புறம்தான் தசைகளுக்குள் பரவும். ஒரு லேபில் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள், 1.9 என்று வந்து வீடே கலங்கிப்போனது. மறுநாள் மாத்திரைக்கு முன்னால் எடுத்தால் 0.8. இப்போதெல்லாம் பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துதான் மாத்திரை. கூடவே பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வேன், அவை இல்லாமல் டிகாக்சின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனைக்கு ஆகிற செலவில் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை வாங்கலாம். மருந்து மலிவு என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்ன உறவினர், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் பார்க்க வந்தார். "இங்கிலீஷ் மருந்தே இப்படித்தான், நம்ம நாட்டுச் செடியில் இல்லாததா" என்று அரளியைப் பற்றிப் பேசினார். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. டிகாக்சினும் ஒரு செடிதான். அரளியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வகை மூலக்கூறுதான், அதே பம்பைத்தான் மடக்கிப் பிடிக்கிறது. ஒரு வித்தியாசம்தான்: மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், இலையிலும் விதையிலும் எவ்வளவு என்று தெரியாது. இலங்கையின் வடக்கே 1980களில் இருந்து மஞ்சள் அரளி எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். டிகாக்சின் விஷத்தை முறிக்க என்று செம்மறியாட்டு ரத்தத்தில் இருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை அந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், இதயத் துடிப்பு சீரானது. அந்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் 2000இல் வந்தது. ஒன்றுக்கு உண்டாக்கிய மாற்று மருந்து மற்றொன்றுக்கும் கேட்கிறது என்றால் இரண்டும் எவ்வளவு நெருங்கிய சொந்தம்! 2024 மே மாதம் கேரளாவில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியதும் இந்தப் பயத்தால்தான். நான்குவழிச் சாலையின் நடுவில் அழகாகப் பூத்திருக்கட்டும், வீட்டு அம்மிக்கு வர வேண்டாம்.

இந்த மாத்திரை ஆயுளைக் கூட்டுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. 1997இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6,800 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வந்தது. துடிப்பின் தாளம் சரியாக இருந்த, இதய பலவீனம் உள்ளவர்கள். டிகாக்சின் சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இறந்தார்கள். ஆனால் இதய பலவீனம் முற்றி ஆஸ்பத்திரியில் சேருவது டிகாக்சின் சாப்பிட்டவர்களிடம் 28 சதவீதம் குறைந்தது. ஆயுளுக்கென்று நிரூபணமான மருந்துகள் வேறு இருக்கின்றன, அவற்றை முதலில் கொடுத்துவிட்டுத்தான் இதற்கு வருகிறார்கள். இதை முதல் மருந்தாகக் கேட்டு வாங்காதீர்கள்.

அம்மா மாதிரி தாளம் கெட்ட துடிப்பும் சேர்ந்தவர்களுக்கு, விதரிங் வேலை பார்த்த அதே பர்மிங்காமில் 160 முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. டிகாக்சினும் பைசோப்ரோலால் என்கிற பீட்டா பிளாக்கரும் ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரத்தில் சமமாக நின்றன. ஒரு வருடத்தில் மூச்சிரைப்பு, அசதி போன்றவற்றில் டிகாக்சின் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். இதைப் படித்தபோது மாடிப்படியும் வடாமும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

2025 ஆகஸ்டில் இன்னொன்று வந்தது. ஜெர்மனியின் ஹானோவரை மையமாகக் கொண்டு, டிகாக்சினின் உடன்பிறப்பான டிஜிட்டாக்சினை 1,212 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததில், இறப்பு அல்லது இதய பலவீனத்தால் முதல்முறை ஆஸ்பத்திரி சேர்க்கை என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 44.1 சதவீதம், இதைச் சாப்பிட்டவர்களிடம் 39.5. அது சிறுநீரகத்தை மட்டும் நம்பி இருக்காமல் கல்லீரல், குடல் வழியாகவும் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்த அம்மா மாதிரி ஆட்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "மொதல்ல கடையில் கிடைக்கட்டும் டீச்சர்" என்றார். எங்கள் ஊரில் மூன்று கடையில் விசாரித்துவிட்டேன். இல்லை.

என் பங்குக்குச் சொல்வது: நாடி எண்ணவும், பரிசோதனைக்குத் தவறாமல் கூட்டிப் போகவும் வீட்டில் ஒரு ஆள் இருந்தால், டாக்டர் எழுதினால், இந்த மாத்திரையைப் பயப்படாமல் கொடுங்கள். தனியாக இருக்கிற, சாப்பிட்டோமா இல்லையா என்று மறந்துபோகிற முதியவர் என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அவர் யோசித்து எழுதட்டும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, மாத்திரைப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள். என்னுடையது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. அதில் முதல் வரி டிகாக்சின், சிவப்பு எழுத்தில். பட்டையைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குழந்தைக்கு ஒன்றிரண்டு மாத்திரையே ஆபத்து. எங்கள் வீட்டில் அது பீரோவுக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன மாதம் எடுத்த எக்கோவில் பம்பிங் 36. இன்று காலை நாடி 68. பிளேடு டப்பாவைத் திறந்தபோது, "நேர் பாதியா வெட்டு பாப்பா" என்றார் அம்மா, தினமும் சொல்வது போலவே.